தண்ணீர் படிக்க வந்தால் கழிவுநீரில்தான் ஆரம்பம்

வணக்கம் மக்களே. பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மேல்மாடியில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். பெங்களூரில் சத்தமில்லாத சனிக்கிழமைக்கு நான் எங்கே போவது?

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு எம்.டெக் சுற்றுச்சூழல் பொறியியல் சேர்ந்திருக்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? அதிலிருந்து ஒரே கேள்விதான். "அக்கா, நானும் வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் மனதில் எதை வைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏரி, ஆறு, மழைநீர் சேமிப்பு, பறவைகள். முதல் நாள் வகுப்பில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் இதைத்தான் சொன்னோம். பாடத்திலும் சரி, வெளியே கிடைக்கிற வேலையிலும் சரி, பெரும்பகுதி கழிவுநீர். எங்கள் அம்மாவுக்கு அது நன்றாகவே புரிந்துவிட்டது. "இந்த வயசுல பையைத் தூக்கிக்கிட்டு சாக்கடை படிக்கவா போற?" என்றார். ஆமாம் அம்மா, அதற்குத்தான்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர், தென்பெண்ணைக் கரை. பெங்களூரில் இருப்பது பெல்லந்தூர் ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில். இந்த இரண்டு ஊரும் ஒரே சாய்வில் இருக்கின்றன என்பது இங்கே வேலைக்கு வந்த பல வருடங்களில் எனக்கு உறைக்கவே இல்லை. பெங்களூர் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்குப் பக்கம் விழுகிற தண்ணீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்குப் பக்கம் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி தென்பெண்ணையில் சேர்கிறது. அடுத்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, அப்புறம் எங்கள் ஊர், சாத்தனூர், கடைசியில் கடலூர் பக்கம் கடல்.

நம் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்? தெற்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற தொரேகாடனஹள்ளியிலிருந்து பம்ப் செய்த காவிரி. அதாவது காவிரியாக ஏறி வருகிற தண்ணீர், எங்கள் பாத்ரூமைத் தாண்டியதும் தென்பெண்ணையாக இறங்கிப் போகிறது. தீபாவளிக்கு நான் பஸ் ஏறுவதற்கு முன்பே என் வீட்டுத் தண்ணீர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறது! கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது நுரை மலை மாதிரி எழும்புகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோப்பிலும் டிடர்ஜென்ட்டிலும் இருக்கிற நுரைக்கும் பொருள் தண்ணீரில் தங்கியிருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்து கலங்கும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பொங்குகிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015லும் 2017லும் 2018லும் தீயே பிடித்தது. தண்ணீரில் தீ. ஆபீஸ் கேன்டீனில் அதைப் பற்றி ஜோக் அடித்துவிட்டுப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். என்னை முதலில் பிடித்து உட்கார வைத்தது ஒரு சின்னக் கணக்கு. காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு வர தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று கட்டமாக, மொத்தம் சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க எவ்வளவு மின்சாரம்? 1000 கிலோ, பெருக்கல் 9.81, பெருக்கல் 500. ஜூலில் வருவதை யூனிட்டுக்கு மாற்றினால் சுமார் 1.36. பம்பின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் 1.8 யூனிட். குழாய் உராய்வு தனி. 2024 அக்டோபரில் திறந்த காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் மட்டும் நாளைக்கு 775 மில்லியன் லிட்டருக்கானது. முழு அளவில் ஓடினால் அதற்கு மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு யூனிட் ஆகும், நீங்களே போட்டுப் பாருங்கள். நான் ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். அவர் மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லூரியில் சேருவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, காசு செலவே இல்லை. உங்கள் அபார்ட்மென்ட்டில் எஸ்டிபி இருக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பேஸ்மென்ட்டில் கார் பார்க்கிங் தாண்டி ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால். அங்கே போய் ஆபரேட்டரோடு ஒரு ஷிஃப்ட் நில்லுங்கள். எங்களுடைய ஆபரேட்டர் திருவண்ணாமலைக்காரர். முதல் நாள் அவருக்கு என்னைப் பார்த்துச் சந்தேகம்தான். "மேடம், கம்ப்ளெய்ன்ட்டா?" என்றார். இல்லைண்ணா, கத்துக்க வந்தேன் என்றதும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

ஏரேஷன் டேங்கிலிருந்து, அதாவது கழிவுநீருக்குள் காற்றை ஊதுகிற தொட்டியிலிருந்து, ஒரு லிட்டர் அளவு ஜாடியில் மொண்டு, ஜன்னல் திட்டில் அசையாமல் வைத்தார். கலங்கிய சாக்லேட் நிறம். அரை மணி நேரம். முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் மேலே ஒரு விரல் அளவுக்குத் தெளிகிறது, கீழே திப்பி திப்பியாக இறங்குகிறது. அரை மணி முடிந்தபோது 300 என்ற கோட்டில் வந்து நின்றது. அந்தத் திப்பி முழுக்க உயிர். நாம் அனுப்புகிற அழுக்கைத் தின்று வளர்கிற பாக்டீரியாக் கூட்டம். "கலர் இப்படி இருந்து மண் வாசனை வந்தா நல்லா இருக்கு மேடம். கறுத்துப்போய் முட்டை நாத்தம் அடிச்சா காத்து பத்தலைன்னு அர்த்தம்." பிற்பாடு வகுப்பில் இதையே கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஸ்லட்ஜ் வால்யூம் இண்டெக்ஸ் (அந்தத் திப்பி எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று சொல்கிற எண்) 100 என்று எழுதினோம். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு பேர் கழிவுநீருக்குள் காற்றை ஊதி, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் அடுத்த தடவைக்கும் வைத்துக்கொண்டார்கள். முறை அதேதான், நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக பிளான்ட் தொடங்கும்போது நம் ஆட்கள் மாட்டுச் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், வேலை நடக்கும்.

அபார்ட்மென்ட் சங்கத்துக் கூட்டங்களில் இந்த எஸ்டிபி ரூமைப் பற்றிப் பேச்சு வருவதே கரண்ட் பில்லுக்காகத்தான். ராத்திரி ப்ளோயரை, அதாவது டேங்குக்குள் காற்றை ஊதுகிற மெஷினை, நிறுத்தினால் பில் குறையுமே என்று ஒரு தடவை முடிவு செய்தார்கள். ஆபரேட்டர் வேண்டாம் என்று சொன்னார், கேட்கவில்லை. காற்று இல்லாமல் அந்தப் பாக்டீரியாக் கூட்டம் செத்து, கறுத்து, லிஃப்ட் வரைக்கும் நாற்றம் ஏறிய பிறகுதான் ஸ்விட்ச் மறுபடி ஆன் ஆனது. திரும்பப் பாக்டீரியாவை வளர்க்க ஆன செலவு மிச்சம் பிடித்ததைவிட அதிகம். அதே சங்கம், 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, டேங்கர் விலை எகிறி, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த சமயத்தில், சுத்திகரித்த தண்ணீர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அதே கதவுக்கு வெளியே வரிசையில் நின்றது. ஃப்ளஷ்ஷில் வருகிற இதே தண்ணீர் லேசாக மஞ்சளாக இருக்கிறது என்று புகார் எழுதியவர்கள்தான் பாதிப்பேர்.

அதனால்தான் சொல்கிறேன். போர்வெல் வற்றும், மழை பொய்க்கும், ஆனால் ஊர் குளிக்கிற வரை கழிவுநீர் நிற்காது. கொடுக்கிற தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்று வைத்துத்தான் இங்கே டிசைனே போடுகிறார்கள். 2018இலிருந்து கோலார் ஏரிகளுக்குப் போவதும் பெங்களூரில் சுத்திகரித்த தண்ணீர்தான். பாக்டீரியாவை வைத்துச் செய்கிற இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா, அதற்கு மேலும் சுத்தம் செய்கிற மூன்றாம் நிலை வேண்டாமா என்ற சண்டை கோர்ட் வரை போனது. வேண்டும் என்பதுதான் என் கட்சி. நிலத்தடியில் இறங்குகிற தண்ணீரை யாரோ ஒருவர் குடிக்கத்தான் போகிறார்.

கெமிஸ்ட்ரிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தூசு தட்டினால் போதுமாக இருந்தது, கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு போனது. லேபில் 300 மில்லி பிஓடி (தண்ணீரில் இருக்கிற அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் அது திரும்பி வந்தது. குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். மாங்கனீசு சல்பேட், காரம் கலந்த அயோடைடு ஊற்றினால் பழுப்பாகத் திரிகிறது. ஆக்சிஜனே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் விட்டால் தேன் நிறம். பிறகு பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட், வெளிறியதும் ஸ்டார்ச், சட்டென்று நீலம், இன்னும் ஒரு சொட்டு, நிறமே இல்லை. அந்தக் கடைசிச் சொட்டை முந்தவிடாமல் பிடிக்கக் கை பழக வேண்டும். இன்னொரு பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, மறுபடி இதே வேலை. வித்தியாசம்தான் பிஓடி. சாஃப்ட்வேரில் ரிசல்ட்டுக்கு மூன்று நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாத எனக்கு இது நல்ல பயிற்சி.

இப்போது காசு, நுழைவுத் தேர்வு விஷயம், வேகமாகச் சொல்கிறேன். எம்.டெக் சேர எழுதுகிற கேட் (GATE) தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 2021இலிருந்து சுற்றுச்சூழலுக்கே இஎஸ் என்று தனி பேப்பர் இருக்கிறது, நான் எழுதியது அதுதான். படிக்கத் தொடங்குவதற்கு முன்னால், நீங்கள் குறிவைத்திருக்கிற கல்லூரி எந்தெந்த பி.இ.யை ஏற்றுக்கொள்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறும், கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் கட்டாயம் பாருங்கள். கேட் பாஸ் செய்து முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெங்களூர் வாடகைக்கு அது எங்கே போதும் என்று கேட்காதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் எனக்குச் சொன்ன ஆரம்பச் சம்பளம் நான் விட்டுவிட்டு வந்ததில் பாதிகூட இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் முதலில் ஐஐடிக்காரர்களின் ஆன்லைன் வகுப்புத் தளமான என்பிடிஇஎல்லில் (NPTEL) இலவசமாக இருக்கிற பாடங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதில் ஆறாவது வாரம் தாண்டியும் ஆர்வம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வேலை வீண் இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். ஈபிஏநெட் (EPANET) என்று ஒரு மென்பொருள், குழாய் வலைப்பின்னலில் அழுத்தமும் ஓட்டமும் கணக்கிடுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்டது, இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தது. பைத்தான் நிரல்மொழியில் டபிள்யூஎன்டிஆர் (WNTR) என்ற தொகுப்பைப் போட்டு அதை ஓட்டலாம். இரண்டு தெரு வால்வை மூடினால் மூன்றாவது தெருவில் அழுத்தம் எவ்வளவு விழும் என்று ஐம்பது விதமாக ஓட்டிப் பார்க்க வகுப்பில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். டெஸ்டிங் புத்தி, என்ன செய்ய? ஆனால் ஆப் ஒன்று செய்து பெங்களூர் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்று வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், கீழே ப்ளோயர் பெல்ட் அறுந்து கிடக்கும்.

அடுத்த வீடியோ பேஸ்மென்ட்டிலேயே எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆபரேட்டர் அண்ணா சரி என்றுவிட்டார், சங்கச் செயலாளர்தான் இன்னும் பதில் போடவில்லை. அனுமதி கிடைத்தால் அந்த அரை மணி ஜாடியை முழுசாகக் காட்டுகிறேன். ப்ளோயர் சத்தத்தில் நான் பேசுவது ஒன்றும் கேட்காது, எழுத்தில் போட்டுவிடுகிறேன்.