விழவே இல்லை, ஆனாலும் எலும்பு முறிவு! குழந்தை திடீரென்று நொண்டினால் முதலில் இதை யோசியுங்கள்

வணக்கம்! ஒன்றரை வயதுக் குழந்தை. நேற்று சாயங்காலம் பூங்காவில் ஓடியாடியது. எங்கேயும் விழவில்லை. இன்று காலையில் இறக்கிவிட்டால் ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. வீக்கம் இல்லை, காயம் இல்லை. "சுளுக்கா இருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து நீவாதீர்கள். உள்ளே எலும்பில் விரிசல் இருக்கலாம்.

விழாமல் எப்படி முறியும்? நேற்று குழந்தை சறுக்குமரத்தில் யார் மடியில் உட்கார்ந்து வந்தது?

(திரையில்: சறுக்குமரம், பக்கச்சுவரில் மாட்டிய சின்ன ஷூ)

இந்த இடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். குழந்தை தனியாகச் சறுக்கும்போது ஷூ மாட்டினால், அதன் எடையே பத்துப் பன்னிரண்டு கிலோதான். அங்கேயே நின்றுவிடும், காலை உருவிக்கொள்ளும். அப்பா மடியில் என்றால், கால் மாட்டிய இடத்திலேயே நிற்க, அப்பாவின் எழுபது கிலோவும் சேர்ந்து உடம்பைக் கீழே தள்ளுகிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறுக்கிக்கொண்டு, சுற்றிவளைத்து மெல்லிய விரிசல் விடுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே மடியில் வைத்தோம்! அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை 6 வயதுக்கு உட்பட்ட சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் சறுக்குமரத்தில் அடிபட்டதாக ஒரு கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு முறிவு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. என்னைக் கேட்டால், பூங்காவில் இதற்கென்றே ஒரு பலகை வைக்க வேண்டும்.

இன்னொன்று, முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். சின்ன வயதில் எலும்பைச் சுற்றியிருக்கும் சவ்வு கெட்டியானது, விரிசலை விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால் புது எலும்பு வளரும் தடம் தெரியும். நல்லவேளை, சில வாரத்தில் தானே கூடிவிடும்.

டாக்டர்கள் சில சமயம் குழந்தையைத் தவழவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. நடக்க மறுக்கிற குழந்தை ஜோராகத் தவழ்ந்தால், கோளாறு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. தவழவும் மறுத்தால் இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் குழந்தை சில சமயம் முழங்காலைத் தொட்டுக் காட்டும். இரண்டுக்கும் போகிற நரம்பு ஒன்றுதான்.

சரி, மற்ற காரணங்கள். சளி பிடித்துப் போன பிறகு இடுப்பு மூட்டில் நீர் கோத்து நொண்டுவதுண்டு, தானே சரியாகும். சின்னம்மை வந்துபோன பிறகு சிறுமூளை பாதித்துத் தள்ளாடுவதும் உண்டு, அதற்கு டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

காய்ச்சலும் இருந்து காலையும் ஊன்றவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு வேகமாக அரித்துப்போகும். கால் துவண்டு தொங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக 2011இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் வந்தது, ஆனாலும் 15 வயதுக்கு உட்பட்ட யாருக்குக் கால் திடீரென்று துவண்டாலும் போலியோ கிருமி இருக்கிறதா என்று இன்றும் மலப் பரிசோதனை செய்கிறார்கள். நொண்டலோடு வெளிறிப்போய், காரணமில்லாமல் கன்றிய தடங்களும் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

அப்புறம், கிளம்பும் முன் குழந்தை வீட்டில் நடக்கிறதை போனில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் போனதும் அழுதுகொண்டு தோளை விட்டு இறங்காது, அந்த ஒரு நிமிட வீடியோ அவருக்கு அவ்வளவு உதவும். இந்த வீடியோவைப் பூங்காவுக்குப் போகிற தாத்தா பாட்டிகளுக்கு இன்றே அனுப்புங்கள்!