சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கட்டடக்கலை மாணவர் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் செங்கல்லைப் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பொறியாளர் அம்மையார் அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மூத்த ஸ்தபதி ஐயா அவர்களே, மாணவ மாணவியரே, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, கட்டப்போகிறவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஸ்தபதி ஐயா இருக்கும் சபையில் கல்லில் செதுக்கிய பூவைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறியாளர் அம்மையார் தமக்குரிய நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மேடையில் இது எளிதில் கிடைக்காத பெருந்தன்மை. அப்புறம், இந்த மேடையின் பின்திரையை வரைந்த மாணவர்கள். எல்லோரும் ஒரு நிமிடம் அந்தக் கொடியைப் பாருங்கள். இலைகள் இரண்டிரண்டாக, எதிரெதிராக வந்திருக்கின்றன. கீழே மூன்றாவது ஜோடியில் ஓர் இலையைப் பூச்சி அரித்திருக்கிறது. அதையும் விடாமல் வரைந்திருக்கிறார்கள். இது அச்சில் வந்த படத்தைப் பார்த்து வரைந்ததல்ல. செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

கட்டடங்களிலும் வீட்டு அலங்காரத்திலும் இயற்கை வடிவங்கள் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, கல்லிலும் இரும்பிலும் செடிகொடிகள் எப்படி ஏறின. இரண்டு, வீட்டுக்குள் அவை எப்படி வந்தன. மூன்று, நிறம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் வைத்திருக்கிறேன். எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி: சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்.

முதலில் கல். எகிப்தில் கர்னாக் கோயிலின் பெரிய மண்டபத்தில் 134 தூண்கள் நிற்கின்றன. அத்தனையும் பாப்பிரஸ் கோரைத் தண்டின் வடிவம். நடுவில் இரண்டு வரிசையாக நிற்கும் 12 தூண்கள் மற்றவற்றைவிட உயரம். அவற்றின் தலைப்பகுதி விரிந்த பூ. பக்கங்களில் இருக்கும் 122 தூண்களின் தலையில் இருப்பது கூம்பிய மொட்டு. ஏன் இந்த வித்தியாசம்? நடுப்பகுதியின் கூரை உயரமானது. அதன் பக்கச் சாளரங்கள் வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. பக்கவாட்டுப் பகுதிகள் இருட்டு. வெளிச்சம் விழுந்த இடத்தில் பூ மலர்ந்திருக்கிறது, இருட்டில் மொட்டாகவே நிற்கிறது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பி நைல் கரையில் கோரையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். அந்தப் பழக்கம் இல்லாதவனுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

கிரேக்கர்களின் கொரிந்தியத் தூணில் இருப்பது அகாந்தஸ் என்ற செடியின் இலை. நம் நாயக்கர் காலத் தூண்களில், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையிலிருந்து வாழைப்பூ தலைகீழாகத் தொங்கும். ஸ்தபதி ஐயா இதை மணிக்கணக்கில் விளக்குவார், நான் தொட்டதோடு நிறுத்துகிறேன். பிரஸ்ஸல்ஸ் நகரில் விக்டர் ஹோர்டா 1893-இல் கட்டிய டாசெல் இல்லத்தின் படிக்கட்டில் இரும்பே கொடியாகச் சுருண்டு ஏறும். பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தில் அந்தோனி கௌடி வகுத்த தூண்கள் மேலே போய்க் கிளை பிரிகின்றன. கிளைகள் அங்கே வெறும் அழகுக்கு இல்லை, கூரையின் பாரத்தைத் தாங்குகின்றன.

இனி ஒரு கதை சொல்கிறேன். நான் எங்கே பேசினாலும் இதைக் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஒரு பிரபுவுக்குச் சொந்தமான சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் என்று ஒரு தலைமைத் தோட்டக்காரர். கட்டடக்கலை படித்தவர் அல்ல. தென் அமெரிக்காவின் ராட்சத அல்லி ஒன்றின் நாற்று 1849-இல் அவர் கைக்கு வந்தது. கியூ தாவரவியல் தோட்டத்திலேயே பூக்காத செடி. பாக்ஸ்டன் அதற்கென்று தொட்டி கட்டினார், தண்ணீரைச் சூடாக வைத்தார், தேங்கவிடாமல் அசைய வைத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பூத்துவிட்டது! இலையைப் பார்த்தால் பெரிய தாம்பாளம், விளிம்பு மடித்துவிட்டது போல. பாக்ஸ்டன் தன் சின்ன மகளைத் தூக்கி அந்த இலைமேல் நிற்க வைத்தார். இலை தாங்கியது. அவர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுவிலிருந்து தடித்த நரம்புகள் ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைக்கின்றன. இடையில் மெல்லிய தோல். பாரத்தைத் தாங்குவதெல்லாம் நரம்பு, தோல் மூடுவதற்கு மட்டும்.

அடுத்த ஆண்டு லண்டனில் மாபெரும் கண்காட்சிக்குக் கட்டடம் வேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். 245 திட்டங்கள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. பாக்ஸ்டன் ஒரு ரயில்வே நிறுவனக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மை ஒற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். நரம்புக்கு இரும்பு, தோலுக்குக் கண்ணாடி. 1851 மே மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் திறந்த பளிங்கு மாளிகை, அதாவது கிரிஸ்டல் பேலஸ், அதுதான். ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. கட்டடம் வரவேண்டிய இடத்தில் உயரமான எல்ம் மரங்கள் நின்றன. வெட்டக் கூடாது என்று லண்டன் மக்கள் சத்தம் போட்டார்கள். பாக்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? மரத்தை விட்டுவிட்டு வரைபடத்தை மாற்றினார். நடுப்பகுதியில் கூரையை வளைவாக உயர்த்தி, மரங்களைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து மூடினார். அந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்க்கும் எவர் கண்ணும் முதலில் போய் நிற்பது அந்த வளைவில்தான். மரத்துக்காகச் செய்த மாற்றம் கட்டடத்தின் முகமாகவே ஆகிவிட்டது. சரி, மரத்தோடு குருவிகளும் உள்ளே தங்கிவிட்டன. காட்சிப் பொருள் மேலெல்லாம் எச்சம். ராணி விக்டோரியா யோசனை கேட்க, வெல்லிங்டன் பிரபு ‘வல்லூறை விடுங்கள், அம்மா’ என்றாராம். இதைக் கதையாகச் சொல்வார்கள். மரம் நின்றது மட்டும் கதை அல்ல.

சுவர் இருந்தால்தான் சித்திரம். இலைச் சித்திரத்துக்கு மரம்தான் சுவர்.

வீட்டுக்குள் வருவோம். சுவர்த்தாள், திரைச்சீலை, தலையணை உறை, தரை ஓடு என்று எங்கு பார்த்தாலும் இலை. ஆனால் எந்தச் செடியின் இலை? கேட்டால் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் சுவர்த்தாள் வரைந்த காலத்தில் அது தெரிந்தது. 1862-இல் அவர் வரைந்த முதல் வடிவத்தில் இருப்பது அவர் வீட்டுத் தோட்டத்தில் பந்தலில் ஏறிய ரோஜா. அந்த வீட்டின் பெயர் ரெட் ஹவுஸ். லண்டன் பக்கத்தில் ஒரு பழத்தோட்டத்துக்குள், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் கட்டிக் கொடுத்தது. முடிந்தவரை மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு நடுவில் கட்டினார்கள். ஆப்பிள் பழுத்தால் திறந்த ஜன்னல் வழியாக அறைக்குள் விழுமாம். ரோஜா தோட்டத்தில் இருந்தது, அதனால் சுவருக்கும் வந்தது.

இன்று நாம் வரிசையை மாற்றிவிட்டோம். மனை வாங்கியதும் முதல் வேலை, நிற்கிற மரத்தை வெட்டிச் சமன் செய்வது. வீடு முடிந்ததும் கூடத்துச் சுவரில் காட்டுப் படம் ஒட்டுகிறோம், பால்கனிக் கம்பியில் பிளாஸ்டிக் கொடி சுற்றுகிறோம். இது எனக்கு வலிக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். அந்த மரத்தை விட்டிருந்தால் மாலை வெயிலில் அதன் நிழலே சுவரில் ஆடியிருக்கும். எந்தச் சுவர்த்தாளிலும் அந்த அசைவு கிடையாது. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டில், மரத்துக்கு வழிவிட்டு வளைந்து போகும் கான்கிரீட் உத்தரம் இருக்கிறது. கான்கிரீட்டையே வளைக்க முடிந்தது என்றால் நம் சுற்றுச்சுவரைக் கொஞ்சம் வளைக்க முடியாதா?

அதனால் இந்தச் சபையில் இருக்கும் கட்டட வடிவமைப்பாளர்களிடமும், நாளை அந்தத் தொழிலுக்கு வரப்போகும் மாணவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். முதல் வரைபடத்தில் சுவர்க் கோடு போடுவதற்கு முன்னால், மனையில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் குறியுங்கள். அடிமரத்தின் சுற்றளவு, கிளை பரவியிருக்கும் அகலம், வேர் போகும் இடம் மூன்றையும் எழுதுங்கள். அந்தத் தாளில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். மரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் காரணத்தையும் அதே தாளில் எழுதுங்கள். காரணத்தை எழுத உட்காரும்போதே பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன். வீட்டுக்குள் எந்த இலை வேண்டும் என்று அப்புறம் கடையில் தேட வேண்டாம். வாசலில் நிற்கும் மரத்தின் இலையைத் தச்சரிடம் கொடுத்து, இதைக் கதவில் செதுக்குங்கள் என்று சொல்லலாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிறத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. அவர் இன்னொரு நாள் அழைத்தால் வருவேன். இந்தக் கோரிக்கையை எழுதி, வாசலில் இடதுபக்க மேசையில் வைத்திருக்கிறோம். மாணவர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து ஸ்தபதி ஐயாவுடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நன்றி, வணக்கம்.