ஓட்டுக்குப் பதிலாக வளர்ச்சி

நேயர்களுக்கு வணக்கம். 1957 பிப்ரவரியில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ தன் அமைச்சரவையை மாற்றினார். அந்நியச் செலாவணி ஏறக்குறையத் தீர்ந்திருந்தது, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. உள்நாட்டுப் போரில் கூட நின்ற ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சிக்காரர்களிடம் இதற்கு வழியில்லை. வணிகத்துக்கு உல்யாஸ்த்ரெஸ், நிதிக்கு நவாரோ ரூபியோ வந்தார்கள். பிராங்கோவின் வலது கையான கரேரோ பிளாங்கோவிடம் லோபெஸ் ரோதோ என்ற சட்டப் பேராசிரியர் அதற்குச் சற்று முன்பே சேர்ந்திருந்தார்.

உல்யாஸ்த்ரெஸ், நவாரோ ரூபியோ, லோபெஸ் ரோதோ மூவரும் ஓபுஸ் தேய் என்ற கத்தோலிக்க அமைப்பினர். 1928இல் மாட்ரிடில் பாதிரியார் எஸ்க்ரிவா தொடங்கியது அது. அவரவர் வேலையைச் செம்மையாகச் செய்வதே புனிதத்துக்கு வழி என்பது அதன் போதனை. பட்ஜெட் போடும் அதிகாரிக்கு இதைவிட வசதியான ஆன்மிகம் ஏது!

1959இல் டாலருக்கு 60 என்று ஸ்பெயினின் அப்போதைய நாணயமான பெசேத்தாவின் மதிப்பைக் குறைத்தார்கள், செலவை வெட்டினார்கள், சர்வதேச நாணய நிதியத்தின் கடனையும் வாங்கினார்கள். முதலில் வேலைகள்தான் போயின. லட்சக்கணக்கானோர் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ரயில் ஏறினார்கள். அவர்கள் அனுப்பிய பணமும் கடற்கரைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளும் இல்லாமல், பின்னர் ஸ்பெயினின் பொருளாதார அதிசயம் என்று பேசப்பட்ட வளர்ச்சி இல்லை.

தாங்கள் வெறும் நிர்வாகிகள், அரசியல் தங்களுக்கு எதற்கு என்பதுபோல் இந்த ஓபுஸ் தேய் நிபுணர்கள் நடந்துகொண்டார்கள். நான் அதை நம்பவில்லை. ஓட்டுக் கேட்காமல் ஆள்வதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, வளர்ச்சி அந்தக் காரணமாயிற்று. தனிநபர் வருமானம் 1000 டாலரைத் தொட்டால் ஜனநாயகத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று லோபெஸ் ரோதோ சொன்னதாகச் சொல்வார்கள். 1970 வாக்கிலேயே நாடு அதைத் தாண்டியது. தேர்தல் வந்ததோ பிராங்கோ இறந்த பிறகு, 1977இல்.

அர்ஜென்டினாவில் 1966இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஓங்கானியாவும் பக்தியையும் நிபுணர்களையும் இப்படித்தான் சேர்த்துப் பார்த்தார். 1969இல் கோர்தோபா நகரத் தொழிலாளர்களும் மாணவர்களும் தெருவில் இறங்க, அடுத்த ஆண்டே அவர் பதவி போனது.

ஸ்பெயினில் எதிர்பாராத எதிர்ப்பு திருச்சபைக்குள்ளேயே கிளம்பியது. திருச்சபையைப் புதுப்பிக்க 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், இளம் பாதிரியார்கள் பலர் தொழிலாளர் பக்கமும், வடக்கே தனி மொழி பேசும் பாஸ்க் மக்கள் பக்கமும் நின்றார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். வத்திக்கானுடன் 1953இல் செய்த ஒப்பந்தப்படி, பாதிரியார்களை மற்றக் கைதிகளோடு அடைக்கக் கூடாது. சரி, என்ன செய்தார்கள்? 1968இல் சமோரா சிறையில் அவர்களுக்கென்றே தனிப் பிரிவு திறந்தார்கள். கத்தோலிக்க அரசு என்று மார்தட்டிய ஆட்சி அது! 1973 நவம்பரில் அங்கிருந்த பாதிரியார்கள், தங்கள் சிறைப் பிரிவின் பலிபீடத்துக்கே தீ வைத்தார்கள்.

நன்றி, வணக்கம்.