கன்சோல் நிறுவனங்களின் போட்டியும் விளையாட்டுகளை உருவாக்குவோரின் நிலையும்

[திரையில்: நிண்டெண்டோவின் சாம்பல் நிறக் கன்சோல், அருகே ஒரு கார்ட்ரிட்ஜ்]

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கருவிகளான வீடியோ கேம் கன்சோல்களின் போட்டி என்றதும், எந்தக் கருவி அதிகம் விற்றது, எதில் காட்சி துல்லியமாக இருந்தது என்ற கணக்குகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் கன்சோல் பல சமயங்களில் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கப்படுகிறது. அதைத் தயாரிக்கும் நிறுவனம் அந்த இழப்பை, பிறர் உருவாக்கும் விளையாட்டுகளின் விற்பனையிலிருந்து பெறும் உரிமக் கட்டணத்தால் ஈடுகட்டுகிறது. எனவே, விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள் யார் பக்கம் நிற்கின்றன, எந்த நிபந்தனையின் பேரில் நிற்கின்றன என்பதைக் கவனித்தால்தான் இந்தப் போட்டி விளங்கும்.

1983 இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. அட்டாரி கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு தயாரித்து விற்க முடிந்ததால், கடைகளில் தரமற்ற கார்ட்ரிட்ஜ்கள் (விளையாட்டு பதிந்த, கன்சோலில் செருகும் பெட்டிகள்) குவிந்ததும் அதற்கு ஒரு காரணம். 1985 இல் அந்தச் சந்தையில் நுழைந்த ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, தனது அனுமதி பெறாத கார்ட்ரிட்ஜ் இயங்காதபடி கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சிப்பைப் பொருத்தியது. உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. வெளியிட்ட விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கன்சோலுக்குத் தரக் கூடாது. கார்ட்ரிட்ஜ்களை நிண்டெண்டோதான் தயாரித்துக் கொடுக்கும், அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் முழுவதும் விளையாட்டு நிறுவனத்தின் தலையில் விழும். தரத்தைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று நிண்டெண்டோ கூறியதில் உண்மை இருந்தது. ஆனால் குத்தகைதாரர் நிலத்தை விட்டு வெளியேற முடியாதபடி எழுதப்பட்ட பத்திரமாகவும் அது இருந்தது.

[திரையில்: சேகா ஜெனிசிஸ்]

அந்தப் பத்திரத்தின் பிடியைத் தளர்த்தியது மற்றொரு ஜப்பானிய நிறுவனமான சேகாவின் வருகை. அதன் ஜெனிசிஸ் கன்சோல் 1989 இல் அமெரிக்காவுக்கு வந்தபோது, விளையாட்டுகளை உருவாக்கும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அந்தக் கருவியைப் பிரித்து ஆராய்ந்து, சேகாவின் உதவியின்றியே அதற்கு விளையாட்டு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தது. அதைக் காட்டிப் பேரம் பேசி, குறைந்த கட்டணத்தையும் தன் கார்ட்ரிட்ஜ்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் உரிமையையும் 1990 இல் பெற்றது. சந்தையில் வலுவான விளையாட்டுகள் தேவைப்பட்ட சேகாவுக்கு அந்த நிபந்தனைகளை மறுக்கும் நிலை இல்லை. போட்டியாளர் இருந்தாலே போதும் என்று சொல்வோர் உண்டு. இங்கே பலன் தந்தது, போட்டியாளர் பின்தங்கியிருந்ததுதான் என்பது என் கருத்து.

உள்ளடக்கத்திலும் இதே இழுபறி நடந்தது. 1993 இல் கன்சோல்களுக்கு வந்த ‘மார்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை விளையாட்டில் இரத்தத்தை நிண்டெண்டோ நீக்கச் செய்தது. பொத்தான்களில் ஒரு குறியீட்டை உள்ளிட்டால் இரத்தம் தெரியும்படி சேகா அனுமதித்தது. விற்பனையில் சேகாவின் பதிப்பே முந்தியது. அமெரிக்க செனட் விசாரணை நடத்தியதைத் தொடர்ந்து, விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்பைத் தொழில்துறையே 1994 இல் ஏற்படுத்தியது.

[திரையில்: சிகாகோ மின்னணுப் பொருள் கண்காட்சி, ஜூன் 1991]

இதற்கிடையே நிண்டெண்டோ தன் எதிரியைத் தானே உருவாக்கிக்கொண்டது. தனது கன்சோலுடன் இணையும் சிடி கருவிக்காக அது சோனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. சிடியில் வரும் விளையாட்டுகளின் உரிமம் சோனியின் கைக்குப் போய்விடும் என்பதை உணர்ந்த நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி, ரகசியமாக பிலிப்ஸை அணுகினார். சிகாகோ கண்காட்சியில் சோனி தன் கருவியை அறிவித்த மறுநாளே, தனது கூட்டாளி பிலிப்ஸ் என்று நிண்டெண்டோ அறிவித்தது. அவமானப்பட்ட சோனிக்குள், கென் குடராகி என்ற பொறியாளரின் விடாப்பிடியான முயற்சியால், பிளேஸ்டேஷன் தனிக் கன்சோலாக உருவெடுத்து 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

சிடியின் சிறப்பாக அதன் கொள்ளளவையே பலரும் குறிப்பிடுகிறார்கள். விளையாட்டு நிறுவனங்களுக்கோ, அதைவிட அதன் விலையும் வேகமும் முக்கியமாக இருந்தன. கார்ட்ரிட்ஜ் தயாரிக்கச் செலவும் அதிகம், காலமும் அதிகம்; சிடியை மலிவாக அச்சிடலாம், ஒரு விளையாட்டு எதிர்பாராமல் நன்றாக விற்றால் விரைவாக மறுபடியும் அச்சிடலாம். முன்பணம் கட்டி நஷ்டத்துக்குப் பயந்தவர்கள் இப்போது சிறு அளவில் துணிந்து முயன்றார்கள். 1996 இல் வந்த நிண்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே தொடர்ந்ததால், அதுவரை நிண்டெண்டோவின் தூணாக இருந்த ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ஐ 1997 இல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடி.

சேகாவை வீழ்த்தியது அவசரம். 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் ஈ3 வீடியோ கேம் கண்காட்சியில், சாட்டர்ன் கன்சோல் 399 டாலருக்கு அன்றே கடைகளில் கிடைக்கும் என்று அது அறிவித்தது. செப்டம்பரைக் குறிவைத்து உழைத்துக்கொண்டிருந்த விளையாட்டு நிறுவனங்கள் தயாராக இல்லை. கருவி அனுப்பப்படாத கடைக்காரர்கள் கொதித்தார்கள். பிறகு மேடையேறிய சோனியின் பிரதிநிதி ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் டாலர் விலையான 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டும் காப்பாற்றாததால், 2001 இல் சேகா கன்சோல் தயாரிப்பைக் கைவிட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் சேகாவின் புகழ்பெற்ற ‘சோனிக்’ விளையாட்டு, நிண்டெண்டோவின் கருவிகளில் ஓடத் தொடங்கியிருந்தது.

[திரையில்: எக்ஸ்பாக்ஸ்]

சேகா காலி செய்த இடத்துக்கு அதே ஆண்டில் எக்ஸ்பாக்ஸுடன் மைக்ரோசாஃப்ட் வந்தது. அதன் பின்னர் விளையாட்டுகளை உருவாக்கும் செலவு பெருகப் பெருக, நிபந்தனை பேசுவதற்குப் பதிலாக நிறுவனங்களையே விலைக்கு வாங்கும் போக்கு வலுத்தது. மைக்ரோசாஃப்ட் 2023 இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கி முடித்தது. அவ்வளவு செலவை எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்போரிடம் மட்டும் விற்று மீட்பது கடினம். 2024 இல் மைக்ரோசாஃப்டின் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாட்டு பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது. சோனியின் இணையக் கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும், மற்ற விளையாட்டு நிறுவனங்களைப் போலவே, மைக்ரோசாஃப்டும் சோனிக்கு ஒரு பங்கைக் கொடுக்கிறது.