சட்டி நிறைய இருக்கு, அகப்பை யார் கையில?

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களுக்கு, துணைத்தலைவர் அம்மாவுக்கு, எனக்கு முன்னாடி பேசி என்னோட பாதி பாயிண்டை அள்ளிக்கிட்டுப் போன பேராசிரியர் அவர்களுக்கு, பொருளாளர் அவர்களுக்கு (இவரை மட்டும் மறந்துடாதீங்கன்னு செயலாளர் காதுல சொன்னார்), சொன்ன செயலாளருக்கும், கல்வி அதிகாரி அம்மா வேற வேலையெல்லாம் விட்டுட்டு வந்து முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்கும், சாயங்கால நேரத்துல டிவியை விட்டுட்டு இங்க வந்த உங்க எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோவிச்சுக்காதீங்க, முடிக்கிறதுக்குள்ள எப்படியும் ஒரு தடவை சொல்லிடுவேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு வறுமை, உணவு வீணாக்கம், பெண் கல்வி. மூணு தலைப்பு, இருபது நிமிஷம். நான் நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கிறேன், விளைஞ்ச இடத்துல இருந்து கடைக்கு வர்றதுக்குள்ளயே அழுகிப்போற உணவு, அதாவது கோல்டு ஸ்டோரேஜ் விஷயம். அது ரொம்ப முக்கியம், கடைசியில வர்றேன்.

நான் டீச்சரா இருந்த காலத்துல இருந்து ஒரே பழமொழியைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்னு என்கிட்ட படிச்சவங்களுக்குத் தெரியும், அதோ பின்னாடி சிரிக்கிறாங்க பாருங்க. சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும். வறுமையைப் பத்தி யார்கிட்ட பேசினாலும் இதைத்தான் திருப்பிச் சொல்றாங்க, "உலகத்துல ஜனத்தொகை ஏறிப்போச்சு மேடம், எல்லாருக்கும் போட சட்டியில இல்ல"ன்னு. சரி, சட்டிக்குள்ள எட்டித்தான் பார்ப்போமே.

ஐ.நா.வோட சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. 2022-ங்கிற ஒரே வருஷத்துல கடை, ஹோட்டல், வீடு எல்லாம் சேர்த்து வீணான உணவு 105 கோடி டன். சாப்பிடறவங்க கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்த உணவுல அஞ்சுல ஒரு பங்கு, கணக்கா சொன்னா 19 சதவீதம். ஹோட்டல்காரங்கதான் கொட்டுறாங்கன்னு நாம சொல்லிக்கிட்டிருக்கோம், ஆனா அந்த 105 கோடியில 63 கோடி டன் வீட்டுல இருந்து போனது. வீடு! ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ. இது பணக்கார நாட்டு வியாதின்னும் நினைக்காதீங்க, வசதியான நாடு, சுமாரான நாடு எல்லாத்துலயும் வீட்டுக் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்குன்னு அதே அறிக்கை சொல்லுது. இந்தப் பக்கம் பார்த்தா 2024-ல பசியோட இருந்தவங்க சுமார் 67 கோடி பேர்னு ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து சொல்றாங்க. அப்போ சட்டியில இருக்கு. நல்லாவே இருக்கு. அகப்பைதான் ஒரே பக்கமா சுத்தி சுத்தி வருது.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், தலைவர் கொஞ்சம் பொறுத்துக்கணும், கதை கொஞ்சம் நீளம்.

ஒரு பெரிய மாநாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. எந்த ஊர், யார் நடத்தினாங்கன்னு கேட்காதீங்க, இந்த மாதிரி மாநாடு எல்லா ஊர்லயும் நடக்குது. தலைப்பு என்னன்னா பசியை ஒழிப்பது எப்படி. காலையில ஒருத்தர் பேசினார் பாருங்க, அப்படி ஒரு பேச்சு, கண்ணாடியைக் கழட்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டார், எனக்கே தொண்டை அடைச்சுது. மத்தியானம் சாப்பாட்டு ஹால்ல அவர் எனக்கு முன்னாடி வரிசையில நிக்கிறார், கையில ஒரு தட்டு இல்ல, ரெண்டு தட்டு, திரும்ப வரிசையில நிக்க நேரம் இருக்காதாம், அதனால இருக்கிறது எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு, இனிப்பு மட்டும் தனியா ஒரு குன்று. உட்கார்ந்தார், ஒரு வாய் வெச்சார், போன் வந்துச்சு, பேசிக்கிட்டே எழுந்தார், அப்படியே போயிட்டார். அவ்வளவுதான். தட்டு ரெண்டும் மேஜையில நிக்குது, யாராவது உறவுக்காரங்க விட்டுட்டுப் போன குழந்தைங்க மாதிரி.

நான் டீச்சர் இல்லையா, கையில ஸ்கேல் இல்லாத குறை. வேற வழியில்லாம அந்தத் தட்டு எங்க போகுதுன்னு பின்னாடியே போனேன். ஒரு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற இடம். ஒரு பொண்ணு, பதினாறு வயசு இருக்கலாம், முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், தட்டுல இருக்கிறதை ஒரே வழி வழிச்சு நீல டிரம்ல தள்ளுது. பேப்பர் கப்பு தனியா, ஸ்பூன் தனியா, கை போற வேகம் மிஷின் தோத்துப்போகும். கை வைக்காத ட்ரேயும் வருது, மூடிகூட திறக்கலை, அதுவும் டிரம்லதான். நீ சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். "விருந்தாளிங்க சாப்பாட்டை நாங்க தொடக்கூடாது மேடம், மிஞ்சினா கொட்டணும், அதான் ரூல்"னு சொல்லுச்சு, ஏதோ நான் ரூல் தெரியாத புது ஆள் மாதிரி.

படிக்கலையான்னு கேட்டேன். எட்டாவதோட நின்னுட்டேன்னுச்சு. ஏம்மா, மார்க் வரலையா? "இல்ல மேடம், எட்டாவது வரைக்கும் ஸ்கூல்ல சாப்பாடு போட்டாங்க. ஒன்பதாவதுக்கு வேற ஸ்கூல், தூரம், அங்க சாப்பாடு கிடையாது. தம்பியை அனுப்பலாம், நீ வேலைக்குப் போனா அங்கயே சாப்பிட்டுக்கலாம்னு அம்மா சொன்னாங்க." இதைச் சொல்லும்போது ஒரு முழு ட்ரேயைக் கவுத்துக்கிட்டிருக்கு.

அப்புறம் அதுவே கேட்டுச்சு, "இங்க என்ன மேடம் விசேஷம்?" என்னத்தைச் சொல்ல? பசியை ஒழிக்கிறதுக்கு மாநாடும்மான்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்துச்சு. சிரிக்கும்னு நினைச்சேன், சிரிக்கலை. "நாளைக்கும் இருக்கா?" இருக்கும்மா, ரெண்டு நாள். "அப்ப இன்னும் ரெண்டு டிரம் வேணும்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்."

கை தட்டாதீங்க, நேரம் போகுது.

நான் மேல மூணு தலைப்புன்னு சொன்னேன் இல்லையா, அந்த ஸ்க்ரீனுக்குப் பின்னாடி அது மூணும் ஒரே பொண்ணு. அதனாலதான் நான் எங்க போனாலும் ஒரே கோரிக்கையைப் பேசறேன், சிலருக்கு போரடிக்குதுன்னு தெரியும், பரவால்ல. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாடு சின்ன வகுப்போட நிக்கக்கூடாது. பொண்ணு பள்ளிப்படிப்பை முடிக்கிற கடைசி வருஷம் வரைக்கும் போகணும். உலகம் பூராவும்.

உலக வங்கி 2025-ல கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர்னு மாத்தினாங்க, அது வரைக்கும் 2.15. அந்தக் கோட்டைப் பத்தி பொருளாதாரம் படிச்சவங்க சண்டை போட்டுக்கட்டும், நான் பார்த்த வறுமை வேற மாதிரி. வருகைப் பதிவேட்டுல காலையில டிக் இருக்கும், மத்தியானம் இருக்காது. இல்லாட்டி பொண்ணு இருக்கும், ஆனா சாப்பாட்டு பெல் அடிச்சதும் குழாயடிக்குப் போய் வயிறு நிறைய தண்ணி குடிச்சுட்டு, சாப்பிட்டு வந்த மாதிரி வாயை நல்லா துடைச்சுக்கிட்டு வந்து உட்காரும். பக்கத்துல இருக்கிற பொண்ணுக்குத் தெரியக்கூடாதாம். அஞ்சாவது பீரியட்ல அந்தப் பொண்ணுக்கு நான் அல்ஜீப்ரா நடத்தணும்! சட்டியில இருந்தாதான், சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க... ஆங், அகப்பையில வரும். வயிறு காலியா இருந்தா மூளையில இருந்து என்ன வரும்?

இப்போ உலக அளவுல 46.6 கோடி பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல சாப்பாடு கிடைக்குதுன்னு உலக உணவுத் திட்டம் சொல்லுது (2020-ல அமைதிக்கான நோபல் வாங்கின அமைப்பு). பெரிய எண்ணிக்கைதான், மனசார பாராட்டறேன். ஆனா அதுல பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்க. பொண்ணு வயசுக்கு வர்ற நேரம், வீட்டுல "இனிமே எதுக்குப் படிப்பு"ன்னு பேச்சு ஆரம்பிக்கிற நேரம், சரியா அந்த நேரத்துல தட்டை எடுத்துடறோம். யுனெஸ்கோ 2023-ல சொன்ன கணக்குப்படி பள்ளிக்கு வெளியில இருக்கிற 25 கோடி பேர்ல பெண் பிள்ளைங்க 12.2 கோடி. பையன்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம்தானேன்னு பேராசிரியர் கேட்பார், முகத்தைப் பார்த்தாலே தெரியுது. வாஸ்தவம்தான் ஐயா. பையன் நின்னா வேலைக்குப் போறான், அதுவும் கொடுமைதான். பொண்ணு நின்னா? வருஷத்துக்கு 1.2 கோடி பொண்ணுங்களுக்கு 18 வயசுக்குள்ள கல்யாணம் ஆகுதுன்னு யுனிசெஃப் சொல்லுது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பெண்கள். ஆப்கானிஸ்தான்ல 2021 செப்டம்பர்ல இருந்து உயர்நிலைப் பள்ளி, 2022 டிசம்பர்ல இருந்து யுனிவர்சிட்டி, ரெண்டுமே பெண்களுக்கு மூடிட்டாங்க, அதைப் பத்தி தனியா ஒரு கூட்டமே போடலாம், போடணும்.

"நல்ல ஐடியாதான் மேடம், காசு?" இதைக் கேட்காத அதிகாரியை நான் பார்த்ததில்ல (முன் வரிசையில இருக்கிற அம்மாவைச் சொல்லலை, அவங்க எங்க கோரிக்கையை வாங்கிப் படிச்சாங்க, அதுக்கே நன்றி சொல்லணும்). சட்டியில இல்லைங்கிறது அங்கயும் வந்துடுது. ஃபின்லாந்து 1943-ல சட்டம் போட்டாங்க, எல்லா பள்ளிப் பிள்ளைங்களுக்கும் இலவசச் சாப்பாடுன்னு. 1943-னா என்ன வருஷம்? உலகப் போர் நடுவுல! அந்த நாடே சண்டையில இருக்கு. அஞ்சு வருஷம் டைம் எடுத்துக்கிட்டு 1948-ல எல்லாருக்கும் போட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு மேல்நிலை வகுப்பு வரைக்கும் போடறாங்க. பிரேசில்ல 2009 சட்டப்படி மேல்நிலை வகுப்பு உட்பட சாப்பாடு, அதுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்கு சின்ன விவசாயக் குடும்பங்ககிட்ட வாங்கணும்னு வேற போட்டாங்க, ஒரே காசுல பொண்ணோட வயிறும் நிறையுது, விவசாயி அடுப்பும் எரியுது. வங்கதேசம் வேற வழியில போச்சு, 1994-ல நாடு பூரா கிராமத்துப் பெண் பிள்ளைங்களுக்கு உயர்நிலைப் பள்ளியில உதவித்தொகை, கண்டிஷன் என்னன்னா 75 சதவீதம் வருகை, பாஸ் மார்க், அப்புறம் கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. அந்த மூணாவது கண்டிஷனை எழுதின ஆள் யாரோ, அவர் வாய்க்கு சர்க்கரை போடணும். யேமன், பாகிஸ்தான் பக்கமெல்லாம் பொண்ணு ஒழுங்கா ஸ்கூலுக்கு வந்தா வீட்டுக்கு சமையல் எண்ணெய் கொடுத்திருக்காங்க. ஏன்னா பொண்ணு படிப்பை நிறுத்தற முடிவு அடுப்படியில நடக்குது, அதை மாத்தறதும் அங்கதான் நடக்கணும்.

உணவு வீணாகிறதைத் தடுக்க சில நாட்டுல சட்டம் இருக்குதுங்க. பிரான்ஸ்ல 2016-ல இருந்து பெரிய சூப்பர் மார்க்கெட் விக்காத நல்ல உணவை அழிக்கக்கூடாது, தொண்டு அமைப்புக்குக் கொடுக்க ஒப்பந்தம் போடணும். தென் கொரியாவுல 2005-லயே சாப்பாட்டுக் கழிவைக் குப்பை மேட்டுல கொட்டத் தடை, 2013-ல இருந்து கொட்டுற அளவுக்கு ஏத்த மாதிரி கட்டணம், அபார்ட்மெண்ட் தொட்டியே எடை போட்டு பில் போடுது. நல்லதுதான். ஆனா ஒண்ணு, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், மிச்சத்தைக் கொண்டுபோய் பொண்ணுங்களுக்குப் போடுங்கன்னு நான் கேட்கலை. நான் கேட்கிறது பள்ளிக்கூடத்துல சூடா சமைச்ச சாப்பாடு, உரிமையா, வரிசையில நின்னு தலை நிமிர்ந்து வாங்கற சாப்பாடு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் பேசற நல்லவங்க இருக்காங்க, அவங்ககூடதான் எனக்கு அதிகம் சண்டை. வீணாக்கறதை நிறுத்தினா மிஞ்சறது காசு, தண்ணி, நிலம். அந்தக் காசுல சமைங்க.

கோல்டு ஸ்டோரேஜ் பத்திச் சொல்றேன்னேன். தலைவர் வாட்ச்சைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்து, மறுபடியும் வாட்ச்சைப் பார்க்கிறார். அதை அடுத்த கூட்டத்துக்கு வெச்சுக்கிறேன், கூப்பிட்டா.

போகும்போது வாசல் பக்கம் மேஜையில ஒரு படிவம் இருக்கு. பெண் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடிக்கிற வரைக்கும் மத்தியானச் சாப்பாடு, இந்த ஒரே ஒரு கோரிக்கைதான், வேற எந்த அரசியலும் இல்ல. கையெழுத்துக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போட்டிருக்கோம், உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல எந்த வகுப்பு வரைக்கும் சாப்பாடு போடறாங்கன்னு எழுதணும். போன தடவை பாதிப் பேர் அதைக் காலியா விட்டுட்டுப் போயிட்டாங்க. தெரியலைன்னா படிவத்தை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க, நாளைக்கு ஸ்கூல் கேட்ல நின்னு ஒரு பொண்ணைக் கேட்டுட்டு எழுதிக் கொடுங்க. நன்றி, வணக்கம்.