கேனுலா பயிற்சி எங்கே முடிய வேண்டும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தாலுகா மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கும் ஒரு சகோதரி, மருந்து செலுத்துவதற்காக ரத்தக்குழாய்க்குள் செருகி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயான கேனுலா பற்றிக் கேட்டிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்குக் கேனுலா போடப் பயிற்சி தருகிறோம். விரைவிலேயே முதல் குத்தில் போடும் அளவுக்குக் கை பழகிவிடுகிறது. ஆனாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் நோயாளிகளின் கை சிவந்து வீங்குவது குறையவே இல்லை. பயிற்சியில் எதை விட்டுவிடுகிறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நம்முடைய பயிற்சிகளில் பெரும்பாலானவை ஊசியின் பின்முனையில் உள்ள சிறு கூட்டில் ரத்தம் தெரிந்ததும் முடிந்துவிடுகின்றன. கேனுலாவோ அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று நாட்கள் கையில் இருக்கிறது. அந்த நாட்களில்தான் மருந்து ரத்தக்குழாயை அரிக்கிறது, கிருமி உள்ளே இறங்குகிறது, ஒட்டிய பிளாஸ்திரி தளர்ந்து குழாயின் நுனி ஆடி ஆடி உள்சுவரைப் புண்ணாக்குகிறது. குத்துவதற்கு ஒரு நாள் ஒதுக்கும் நாம், பராமரிப்பதற்கும் அகற்றுவதற்கும் அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. 2024 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழாய்களால் வரும் தொற்றைத் தடுப்பதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, செருகுவதோடு பராமரிப்பு, மருந்து செலுத்தும் முறை, அகற்றுதல், பணியாளர் பயிற்சி ஆகிய அனைத்தையும் சேர்த்தே பேசியது. உங்கள் பாடத்திட்டமும் அப்படித்தான் அமைய வேண்டும்.

முதல் பாடம் ஊசியைத் தொடுவதற்கு முன்பே தொடங்குகிறது. இந்த நோயாளிக்குக் கேனுலா தேவையா என்று கேட்கப் பழக்குங்கள். வாந்தி நின்று, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் விழுங்கிவிட்ட நோயாளியின் கையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைக்கப்படும் கேனுலாவால் நன்மை எதுவும் இல்லை. கிருமிக்கு ஒரு வாசல் மட்டுமே திறந்திருக்கிறது.

அளவைத் தேர்ந்தெடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான மருந்துகளுக்குப் பெரியவர்களுக்கு ரோஸ் நிற 20 அல்லது நீல நிற 22 கேஜ் போதுமானது (இந்த எண் குறையக் குறையக் குழாய் பெரிது). குழந்தைகளுக்கு மஞ்சள் நிற 24. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு போன்ற அவசரங்களில் மட்டும் சாம்பல் நிற 16, கிடைக்காவிட்டால் பச்சை நிற 18. அவசரம் இல்லாத இடத்தில் பெரிய குழாயைச் செருகினால், அது ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும். சுற்றிலும் ரத்தம் ஓடி மருந்தை நீர்க்கச் செய்ய இடமிருக்காது. இடத்தைப் பொறுத்தவரை முன்கைதான் சிறந்தது. முழங்கை மடிப்பையும் மணிக்கட்டு மடிப்பையும் தவிர்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை அறுவை சிகிச்சையில் இணைத்த இணைப்பு) வைத்த கை, மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை, பக்கவாதத்தால் உணர்விழந்த கை ஆகியவற்றில் போடக்கூடாது என்பதை மனப்பாடமாக அல்ல, நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமாகக் கற்றுக்கொடுங்கள்.

தோலைச் சுத்தம் செய்வதில் சற்று நிற்க விரும்புகிறேன். வார்டில் நாம் அன்றாடம் காண்பது என்ன? ஸ்பிரிட் பஞ்சால் ஒரு முறை துடைக்கிறார்கள், ஈரம் காய்வதற்கு முன்பே, ரத்தக்குழாய் எங்கே என்று உறுதி செய்துகொள்ள அதே இடத்தை விரலால் மறுபடி தடவுகிறார்கள், பிறகு குத்துகிறார்கள். அந்த ஒரு தடவலில் சுத்தம் செய்தது அத்தனையும் வீணாகிவிடுகிறது. 70 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த திரவத்தால் 30 விநாடி அழுத்தித் தேய்த்து, அது தானாகக் காயும்வரை இன்னும் 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும். ஊதியோ விசிறியோ காயவைக்கக்கூடாது. தடவிப் பார்ப்பதையெல்லாம் சுத்தம் செய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தொட்டே ஆக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். பயிற்சியின்போது கடிகாரத்தை எதிரே வைத்து, அந்த ஒரு நிமிடத்தை முழுமையாகக் காத்திருக்கச் செய்யுங்கள். நெருக்கடியான வார்டில் அது எவ்வளவு நீண்டதாகத் தோன்றும் என்பதை அவர்கள் அங்கேயே உணர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேனுலாவை ஒட்டுவதற்கான பிளாஸ்திரியை முன்கூட்டியே துண்டு துண்டாகக் கிழித்து டிராலியின் விளிம்பிலோ கட்டிலின் கம்பியிலோ ஒட்டி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கம்பியை எத்தனை பேர் பிடித்திருப்பார்கள்! அங்கே ஒட்டியிருந்த பசைப் பக்கம் நேராகக் குத்திய துளையின் மேல் போய் ஒட்டுகிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் கிருமி நீக்கப்பட்ட ஒட்டுப் படலத்தைப் பயன்படுத்துங்கள். அதன் விலை கூடுதல்தான். ஆனால் துளையைச் சுற்றியுள்ள தோலை, பிரித்துப் பார்க்காமலே ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க முடியும். போட்ட தேதி, நேரம், போட்டவரின் பெயர் மூன்றையும் அதன் மேல் எழுத வேண்டும்.

குத்தும் முறை உங்கள் செவிலியர்களுக்குத் தெரியும் என்பதால் இரண்டை மட்டும் வலியுறுத்துகிறேன். ரத்தம் தெரிந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, ஊசியோடு இன்னும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். ஏனென்றால் ஊசியின் நுனி மட்டுமே உள்ளே போயிருக்கும். பிளாஸ்டிக் குழாயின் விளிம்பு இன்னும் வெளியில்தான் இருக்கும். இரண்டாவது, ஓரளவு வெளியே இழுத்துவிட்ட ஊசியை மறுபடி குழாய்க்குள் தள்ளவே கூடாது. கூரிய முனை குழாயைச் சீவிவிட்டால், அந்தத் துண்டு ரத்தத்தோடு போய்ச் சேருமிடம் நுரையீரல். ஒருவர் இரண்டு முறை முயன்றும் கிடைக்காவிட்டால், அனுபவமுள்ள இன்னொருவரை அழைக்க வேண்டும். அப்படி அழைப்பவரை யாரும் குறைத்துப் பேசாத சூழலை உருவாக்குவது கண்காணிப்பாளரான உங்கள் பொறுப்பு.

இனி மருந்து. கை வீங்கும் நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எடுத்து என்ன மருந்து போயிருக்கிறது என்று பாருங்கள். ஃபெனிடோயின், பொட்டாசியம் குளோரைடு, கால்சியம் குளுக்கோனேட், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், டோபமைன் போன்றவை ரத்தக்குழாயைக் கடுமையாக எரிச்சலூட்டக்கூடியவை. வெளியே கசிந்தால் சதையையே அழுகச் செய்யும். ஃபெனிடோயினை நார்மல் சலைனில் (உப்புக் கரைசலில்) தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாக உறைந்துவிடும். ரிங்கர் லாக்டேட் ஓடிக்கொண்டிருக்கும் குழாயிலேயே செஃப்ட்ரியாக்சோனைச் செலுத்துவது நம் வார்டுகளில் சாதாரணமாக நடக்கிறது; அந்தத் திரவத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து மருந்து வீழ்படிவாக மாறும், பச்சிளம் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஒவ்வொரு மருந்துக்கு முன்னும் பின்னும் நார்மல் சலைன் செலுத்திக் குழாயைக் கழுவிவிட (ஃப்ளஷ் செய்ய) வேண்டும். அதற்கு 10 மில்லி சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். 2 மில்லி சிரிஞ்சு சிறியதாக இருப்பதால் அழுத்தம் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள், உண்மையில் சிறிய சிரிஞ்சில்தான் அழுத்தம் அதிகம். தடை இருந்தால் பலமாக அழுத்தித் தள்ளாமல், நிறுத்தி என்னவென்று பார்க்க வேண்டும். கேனுலாவில் மருந்து செலுத்தும் திறப்பையும் ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி தேய்த்துக் காயவிட்ட பிறகே திறக்க வேண்டும்.

கண்காணிப்புக்கு 1998இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியிட்ட வி.ஐ.பி. (Visual Infusion Phlebitis – ரத்தக்குழாய் அழற்சியைக் கண்ணால் பார்த்து அளவிடும்) மதிப்பெண் முறை எளிமையானது. பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். வலி, சிவப்பு, வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு தென்பட்டால் மதிப்பெண் இரண்டு. அப்போதே அகற்றிவிட வேண்டும். ரத்தக்குழாய் கயிறுபோல் கையில் தட்டுப்படும்வரை காத்திருந்தால் தாமதம்தான். இதைத் தனிப் பதிவேடாக வைக்காமல், ஷிஃப்ட் மாறும்போது இரு செவிலியரும் கட்டிலருகே நின்று சேர்ந்து பார்த்துச் சொல்வதாக அமைத்துவிடுங்கள். வலி தெரிந்தால் உடனே சொல்லும்படி நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். "மருந்து ஏறினால் வலிக்கத்தான் செய்யும்" என்று நாம் சொல்லிச் சொல்லி அவர்களை மௌனமாக்கியிருக்கிறோம், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

72 மணி நேரத்தில் கட்டாயம் மாற்ற வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளிடம் நடந்து 2012இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், மூன்று நாளுக்கொரு முறை மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி (ரத்தக்குழாய் சிவந்து வீங்குவது) ஒரே அளவாக 7 சதவீதம்தான் இருந்தது. ஆனால் தேவைப்படும்போது மாற்றலாம் என்பது தவறாமல் பார்க்கும் வார்டுக்கு மட்டுமே பொருந்தும். ஒழுங்கான கண்காணிப்பு உங்கள் வார்டில் நிலைபெறும்வரை பழைய காலக்கெடுவைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆம்புலன்ஸில் அவசரமாகப் போட்டு, சுத்தம் பற்றி உறுதியில்லாதவற்றை எப்படியும் 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

பயிற்சி பெறுபவரின் பாதுகாப்பும் இதில் அடங்கும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடியாதவர் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள். ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது. துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி கட்டிலருகிலேயே, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குத்திக்கொண்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை.

தேர்ச்சியை எப்படி முடிவு செய்வது? ரப்பர் கையில் ஊசி பிடிக்கப் பழகலாம், ஆனால் ரப்பர் கை சிவப்பதில்லை. ஆகவே மேற்பார்வையில் போட்ட கேனுலாக்களை, அதே செவிலியரே அகற்றும் நாள்வரை பின்தொடர்ந்து மதிப்பெண் பதிவு செய்யட்டும். மறுநாள் அந்தக் கை எப்படி இருந்தது என்பதையும் பார்த்த பிறகே, தனியாகப் போடலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள்.