குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: காசை எங்கே போடுவது?

[திரையில்: மேசை மேல் இன்னும் பிரிக்காத பெட்டிகள்]

வணக்கம். "அண்ணா, ஐ7 போட்டா எல்லா கேமும் ஓடுமா?" பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் இருந்து பசங்க கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். தம்பி, பிராசஸரை அப்புறம் பார்க்கலாம். எந்த கேம், எந்த மானிட்டர் என்று முதலில் ஒரு தாளில் எழுது.

வாலரன்ட் மட்டும்தான் ஆடப் போகிறாய் என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அது பிராசஸரை நம்பி ஓடுகிற கேம். சைபர்பங்க் மாதிரி ஒன்று என்றால் முழு பாரமும் கார்டு மேல்தான். மானிட்டர் 1920-க்கு 1080 பிக்சல் என்றால் அதற்குத் தக்க கார்டு போதும்.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு சொல்லப் போவதில்லை. பங்கு சொல்கிறேன். மானிட்டர் நீங்கலாக இருக்கும் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. மற்ற எல்லாம் மிச்சத்தில் அடங்க வேண்டும்.

[திரையில்: ஆர்எக்ஸ் 6600 கார்டு]

உதாரணத்துக்கு ஒரு ஜோடி: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்எக்ஸ் 6600 கார்டு. பிராசஸரில் 6 கோர் (வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). கூலர் பெட்டியிலேயே வரும். கார்டில் 8 ஜிபி மெமரி. இன்டெல்தான் வேண்டும் என்றால் ஐ5 12400எஃப். கார்டுக்கே இப்போது காசு இல்லையா? 5600ஜி வாங்குங்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டைப் பிறகு சேர்க்கலாம்.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், அதை ஈட்ட இரவு பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. அசலில் 2304 கோர், இன்னொன்றில் 2048தான். மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல், ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து எண்ணைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

[திரையில்: எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கர், நெருக்கத்தில்]

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. பட்ஜெட் இடிக்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். கேபினட்டோடு சேர்ந்தே ஒன்று வரும், மேலே பெரிதாக 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். ஸ்டிக்கரில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட்ஸ். பிராசஸரும் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த லைனில்தான். 5600 அதிகபட்சம் 76 வாட்ஸ், ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட்ஸ். கூட்டினால் 208. ஃபேன், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலான சேமிப்பகம்), மதர்போர்டு எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கேம் நடுவில் பட்டென்று அணைவது இப்படித்தான். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான) முத்திரையுள்ள, தெரிந்த கம்பெனியின் 550 வாட்ஸ் வாங்குங்கள். கார்டுக்கான 8 பின் ஒயர் அதிலேயே இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

பென்னாகரம், அரூர் பக்கக் கிராமங்களில் பம்புசெட் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும் வீடு என்றால், அதே ஸ்டிக்கரில் இன்புட் வரியையும் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்!

மதர்போர்டு விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். 5600-க்கு பி450 போதும், பி550 கிடைத்தால் நல்லது. பழைய ஸ்டாக் பி450 என்றால் பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் திரை வராது. எஸ்எஸ்டி என்விஎம்இ வகை (மதர்போர்டிலேயே நேராகச் செருகுவது), 500 ஜிபியாவது. கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். ஏப்ரல் மே வெயிலில் காற்று உள்ளே போக வழி இருக்க வேண்டும். கலர் லைட்டுக்குச் செலவழிக்கிற காசில் இன்னொரு ஃபேன் போடலாம், என் ஆசை அதுதான்.

[திரையில்: இரண்டு ரேம் குச்சிகள்]

ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக. நான்கு ஸ்லாட் போர்டில், பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். 5600ஜி வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதன் கிராபிக்ஸுக்கு மெமரியே இந்த ரேம்தான்.

எங்கே வாங்குவது? கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், அங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக விலை கேட்கலாம். கார்டு, பிராசஸர், ரேம் எல்லாம் பைக்குள் அடங்கும். கேபினட்டையும் மானிட்டரையும் உள்ளூரிலேயே வாங்குங்கள், ஓசூர் பஸ்ஸில் மடியில் வைத்து வருகிற சமாச்சாரம் இல்லை அது. எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது வெள்ளைத்தாள் எஸ்டிமேட் உதவாது.

அசெம்பிள் முடிந்து ஆன் செய்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். திரையே வரவில்லையா? பின்னால் போய்ப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிள் போக வேண்டிய இடம் கீழே இருக்கும் கார்டு.